போயமா, ஓரங்க நாடகமா? இங்கிலீஷில் எதை முதலில் எடுப்பது

ப்ளஸ் டூ பரீட்சை முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறவர்களும், அரசு கலைக் கல்லூரியில் முதல் வருஷம் சேர்ந்து பார்ட் டூ இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து மலைத்து நிற்கிறவர்களும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். இங்கிலீஷ் இலக்கியம் கொஞ்சம் ஒழுங்காகப் படிக்க ஆசை இருக்கிறது, நாவல் எடுத்தால் பத்துப் பக்கத்தில் மூச்சு வாங்குகிறது, அதனால் சின்னதாக ஏதாவது வேண்டும். போயம் எடுக்கட்டுமா, ஒன்-ஆக்ட் ப்ளே எடுக்கட்டுமா, எது ஈஸி?

எது ஈஸி என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. ஈஸியான போயமும் இருக்கிறது, பல்லை உடைக்கிற நாடகமும் இருக்கிறது. நான் திருப்பிக் கேட்பது வேறு கேள்வி: உங்கள் கூட உட்கார்ந்து சத்தமாகப் படிக்க இன்னும் இரண்டு பேர் கிடைப்பார்களா? கிடைப்பார்கள் என்றால் யோசிக்காமல் நாடகம் எடுங்கள். கிடைக்க மாட்டார்கள் என்றால் போயம். இதுதான் என் முடிவு. ஏன் அப்படி, எங்கே அது மாறும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

யாரை நினைத்து எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ தமிழ் மீடியத்தில் படித்து, இங்கிலீஷ் பேப்பரில் ஒரு சின்னச் செய்தியை இரண்டு தடவை டிக்‌ஷனரி பார்த்து முடித்துவிடக்கூடிய ஆள். ஏ ஃபார் ஆப்பிள் நிலையும் இல்லை, சரளமும் இல்லை, நடுவில் நிற்கிறவர். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்றால் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, மூன்றாவதாக இங்கிலீஷுக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்கள் தங்களுக்குத்தான் கஷ்டம் அதிகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை அவர்களுக்குக் காது ஏற்கெனவே பழகியிருக்கிறது, மற்றவர்களைவிட சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

முதலில் போயம்.

போயத்தின் பெரிய வசதி அதன் அளவு. ஷெல்லியின் ஓஸிமாண்டியஸ் 14 வரி. பனி விழும் மாலையில் காட்டோரமாகக் குதிரையை நிறுத்திவிட்டு ஒருவன் வேடிக்கை பார்க்கிற ராபர்ட் ஃப்ராஸ்ட் போயம், 1923-ல் வந்தது, 16 வரி. வேர்ட்ஸ்வொர்த்தின் டாஃபடில்ஸ் 24 வரி. அரூரிலிருந்து தர்மபுரி வருகிற பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாலும் ஓஸிமாண்டியஸைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம், போனில் ஒரே திரையில் முழுசும் அடங்கும். வீட்டில் ஒரே போன், அது அண்ணன் வேலை முடிந்து வந்தபிறகுதான் கைக்கு வரும் என்கிற தங்கச்சிகளுக்கும் பிரச்சினை இல்லை, ஒரு பேப்பரில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். நாடகத்தை இப்படிக் கையில் எழுதிக்கொண்டு அலைய முடியாது.

இரண்டாவது வசதி, தமிழ் வகுப்பில் படித்தது வீண்போகாது. மோனையும் இயைபும் உருவகமும் தெரிந்தவருக்கு அல்லிட்டரேஷன், ரைம், மெட்டஃபர் மூன்றையும் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த ஃப்ராஸ்ட் போயத்தையே பாருங்கள். நாலு நாலு வரியாக நாலு பத்தி. ஒவ்வொரு பத்தியிலும் ஒன்று, இரண்டு, நாலாம் வரிகளின் கடைசி ஓசை ஒத்துப்போகும், மூன்றாம் வரி மட்டும் தனியாக நிற்கும். அந்தத் தனி வரியின் ஓசைதான் அடுத்த பத்திக்கு இயைபு. அந்தாதி தெரிந்தவர்களுக்கு இந்த வித்தை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். கடைசிப் பத்தியில் நாலு வரியும் ஒரே ஓசை, கடைசி இரண்டு வரி அப்படியே ஒரே வரி. இதை யாரும் சொல்லித் தராமல் ஒரு மாணவி பென்சிலால் கோடு போட்டுக் கண்டுபிடித்தாள் என்றால், அதற்குமேல் அந்தப் போயத்துக்கு அவளுக்கு நோட்ஸ் வேண்டாம்.

சரி, கஷ்டம் எங்கே? பெரும்பாலானவர்கள் வார்த்தைதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். இல்லை. வார்த்தைக்கு டிக்‌ஷனரி இருக்கிறது. கஷ்டம் வாக்கியத்தில். ஓஸிமாண்டியஸில் பாலைவனத்தில் கிடக்கிற சிலையின் முகத்தை வர்ணிக்கிற வாக்கியம் வரிக்கு வரி தாவிக்கொண்டே போகும். முற்றுப்புள்ளி எங்கே என்று தேடினால் நாலைந்து வரி தள்ளிக் கிடக்கும். அந்த வாக்கியத்தில் சர்வைவ் என்ற வினை வருகிற இடத்தில் எல்லோரும் நின்றுவிடுவார்கள், உணர்ச்சிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார்கள். பிறகு வருகிற கையும் நெஞ்சும் எதற்கு வந்தன என்றே புரியாது. அந்த வினைக்கு உரிய செயப்படுபொருளே அடுத்த வரியில்தான் இருக்கிறது: கல்லில் பதிந்த அந்த உணர்ச்சிகள், அவற்றைச் செதுக்கிக் காட்டிய சிற்பியின் கையையும், அவற்றுக்குத் தீனி போட்ட ராஜாவின் நெஞ்சையும் தாண்டி நிற்கின்றன. இதைக் கண்டுபிடிக்க இங்கிலீஷ் வாத்தியார்கூட வேண்டாம். தமிழ் இலக்கணத்தில் பொருள்கோள் என்று எட்டு வகை மனப்பாடம் செய்தோமே, அதில் கொண்டுகூட்டு நினைவிருக்கிறதா, அங்கங்கே கிடக்கிற சொற்களை எடுத்துப் பொருந்துகிற இடத்தில் சேர்த்துப் பொருள் கொள்வது? அதையே இங்கே செய்ய வேண்டும். முற்றுப்புள்ளியிலிருந்து முற்றுப்புள்ளி வரை எடுத்து, எழுவாய் எது, பயனிலை எது என்று பார்த்து, உரைநடை வரிசையில் எழுதிப் பாருங்கள். போயத்துக்கு நான் சொல்லிக்கொடுப்பதில் பாதி இதுதான்.

இன்னொரு கஷ்டம் காது. தமிழில் குறில் நெடில் என்று நீளத்தை அளந்து பழகியவர்கள் நாம். இங்கிலீஷ் செய்யுள் எந்த அசையை அழுத்திச் சொல்கிறோம் என்பதில் ஓடுகிறது. கண்ணால் மட்டும் படித்தால் அந்த ஓட்டம் கடைசி வரை தெரியாது. லிப்ரிவாக்ஸ் மாதிரி இலவச ஒலித்தளங்களில் பழைய போயங்களை வாசித்து வைத்திருக்கிறார்கள், ஒருமுறையாவது கேட்டுவிட்டுப் படியுங்கள். பனி, டாஃபடில்ஸ் பூ, ஓக் மரம் இதெல்லாம் பார்த்ததில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு, அது பெரிய விஷயமே இல்லை, ஒரு படம் பார்த்தால் தீர்ந்தது. ஃப்ராஸ்ட் போயத்தில் குதிரை தன் கழுத்து மணியை ஒரு குலுக்குக் குலுக்குவதைப் புரிந்துகொள்ள நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளக்கமே வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். போயம் படித்தால் பேச்சு வராது. ஃப்ராஸ்ட் எழுதிய வாக்கிய வரிசையில் யாரும் போனில் பேசுவதில்லை. ஓசூர் கம்பெனி இண்டர்வியூவுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது, அதற்காக இங்கிலீஷ் வேண்டும் என்றால் போயம் உங்களுக்கு இப்போதைக்கு இல்லை.

இனி நாடகம். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் நம் பிள்ளைகள் இதைத்தான் குறைத்து மதிப்பிடுகிறார்கள். நான்-டீடெயில்தானே, கதையைத் தெரிந்துகொண்டால் போதும் என்று கைடில் சுருக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். நாடகத்தில் கதை எலும்பு மாத்திரம். சதை முழுக்க யார் எதை எப்போது எப்படிச் சொன்னார்கள் என்பதில் இருக்கிறது.

ப்ளஸ் ஒன் புத்தகத்தில் வந்த தி நெவர்-நெவர் நெஸ்ட் என்ற நாடகத்தை எடுத்துக்கொள்வோம், செட்ரிக் மவுண்ட் எழுதியது. ஜாக், ஜில் என்று ஒரு இளம் தம்பதி. ஜேன் அத்தை பார்க்க வருகிறாள். வீடு, சோபா, ரேடியோ, கார் என்று எல்லாம் இருக்கிறது. கல்யாணத்துக்கு நாம் கொடுத்ததே கொஞ்சம்தானே, இவர்களுக்கு இவ்வளவு எங்கிருந்து வந்தது என்று அத்தைக்கு ஆச்சரியம். எல்லாம் தவணை. காரில் ஸ்டியரிங்கும் ஒரு டயரும் இரண்டு சிலிண்டரும்தான் இப்போதைக்கு இவர்களுடையது. வாரத் தவணை மொத்தம் ஏழு பவுண்டு எட்டு ஷில்லிங் எட்டு பென்ஸ், ஜாக்கின் சம்பளம் ஆறு பவுண்டு. மீதிக்கு? அதற்கு இன்னொரு இடத்தில் கடன். அத்தை பதறிப்போய் பத்து பவுண்டுக்குச் செக் கொடுத்து, ஏதாவது ஒரு பொருளையாவது முழுசாக உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள் என்கிறாள். ஜில் அதை எடுத்து டாக்டருக்கு அனுப்பிவிடுகிறாள். இன்னும் ஒரே ஒரு தவணைதான், அப்புறம் குழந்தை நம்முடையது!

இதை ஓசூரில் வண்டிக்கு இஎம்ஐ கட்டிக்கொண்டே வேலைக்குப் போகிற ஒரு தம்பியிடம் படிக்கக் கொடுங்கள், விழுந்து விழுந்து சிரிப்பான். ஆனால் சிரிப்பதற்குமுன் அவனுக்கு ஒரு கணக்குத் தெரிந்தாக வேண்டும். பழைய பிரிட்டிஷ் காசில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. 1971 பிப்ரவரியில்தான் அங்கே நூறு பென்ஸ் ஒரு பவுண்டு என்று மாற்றினார்கள். அப்படிப் பார்த்தால் ஜாக்குக்கு வாரம் ஒரு பவுண்டு எட்டு ஷில்லிங் எட்டு பென்ஸ் துண்டு விழுகிறது. சம்பளத்தில் கிட்டத்தட்ட கால் பங்கு. இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு அந்தப் பக்கத்தைத் திரும்பப் படியுங்கள், ஜாக்கின் அலட்டாத பேச்சு வேறு மாதிரி கேட்கும். நான் பார்த்த எந்தக் கைடும் இந்தக் கணக்கைப் போட்டுக்காட்டவில்லை, தவணை முறையின் தீமைகள் என்று ஐந்து பாயிண்ட் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது.

நாடகத்தின் இங்கிலீஷ் பேச்சு இங்கிலீஷ். சின்ன வாக்கியம், கேள்வி, பதில், பாதியில் அறுந்த பேச்சு, மறுத்துப் பேசுவது, சமாளிப்பது. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் பணம் கட்டிக் கற்றுக்கொள்கிற வாக்கியங்களில் பாதி இங்கே ஓசியில் இருக்கிறது, அதுவும் ஒரு ஆளின் குணத்தோடு சேர்ந்து வருவதால் மறக்காது. அடைப்புக்குறிக்குள் சாய்வெழுத்தில் இருக்கிற மேடைக் குறிப்பு முகபாவம் வரை சொல்லிவிடும். போயத்தில் இந்த உதவி கிடையாது.

சிக்கல் முதல் பக்கத்தில்தான். நம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வேஷம் திரைக்குப் பின்னால் நின்றபடி நான் இன்னார் என்று பாடும், கட்டியங்காரன் குறுக்கே கேள்வி கேட்பான், நமக்கு எல்லாம் தெளிவாகிவிடும். இங்கிலீஷ் ஓரங்க நாடகத்தில் யாரும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள மாட்டார்கள். திரை விலகும்போதே இரண்டு பேர் பாதிப் பேச்சில் இருப்பார்கள், யார் அக்கா, யார் தங்கை, செத்தது யார் என்பதைப் பேச்சிலிருந்து நாமே பொறுக்கிக்கொள்ள வேண்டும். போதாக்குறைக்கு முதல் பத்தி முழுக்க மேடை அமைப்பு, பீரோ, மேன்டல்பீஸ், ஃபயர்பிளேஸ் என்று மரச்சாமான் கடைக்குள் நுழைந்த மாதிரி. அதைப் பார்த்தே பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நான் சொல்வது, மேடை அமைப்பைத் தாண்டிவிடுங்கள். பாத்திரப் பட்டியலை மட்டும் ஒரு பேப்பரில் எழுதி, யாருக்கு யார் என்ன உறவு என்று கோடு போட்டு வைத்துக்கொண்டு பேச்சிலிருந்து ஆரம்பியுங்கள். இரண்டாம் வாசிப்பில் மேடை அமைப்புக்குத் திரும்பலாம். அப்போது எந்தச் சாமான் கதைக்கு வேண்டும், எது சும்மா என்று தெரியும்.

சில நாடகங்களில் அந்தச் சாமானே கதை. ஸ்டான்லி ஹூட்டன் எழுதிய தி டியர் டிபார்ட்டட், 1908-ல் மான்செஸ்டரில் அரங்கேறியது. அப்பா மாடியில் செத்துக் கிடக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, தங்கை குடும்பம் வருவதற்குள் பெரியவள் அவருடைய மேசை பீரோவைக் கீழே இறக்கித் தன்னுடையது என்று வைத்துவிடுகிறாள். கடிகாரமும் மாறுகிறது. இரண்டு குடும்பமும் உட்கார்ந்து பங்கு பேசிக்கொண்டிருக்கும்போது பெரியவர் எழுந்து இறங்கி வருகிறார். அப்புறம் நடப்பதை நீங்களே படித்துக்கொள்ளுங்கள். பாகப்பிரிவினை நடந்த வீட்டில் வளர்ந்த யாருக்கும் இதற்கு உரை தேவையில்லை. மொத்தம் ஆறு பாத்திரம், அதில் ஒன்று பத்து வயதுச் சிறுமி, வீட்டில் தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் உட்கார வைக்கலாம்.

மூன்றே பேர்தான் என்றால் என் தேர்வு செகாவின் தி ப்ரபோசல். ரஷ்ய நாடகம்தான், ஆனால் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் வாக்கியங்கள் எளிமையாக இருக்கின்றன, பழைய மொழிபெயர்ப்பு குட்டன்பர்க் தளத்தில் இலவசம். பெண் கேட்க வந்த மாப்பிள்ளை, பெண், பெண்ணின் அப்பா. அவ்வளவே பாத்திரம். வந்த விஷயத்தைச் சொல்வதற்குள் நடுவில் இருக்கிற ஒரு புல்வெளி யாருடையது என்று பேச்சு வந்துவிடுகிறது. எங்களுடையது, இல்லை எங்களுடையது, அப்பாவும் சேர்ந்துகொள்கிறார், மாப்பிள்ளையை விரட்டிவிடுகிறார்கள். அவன் பெண் கேட்கத்தான் வந்தான் என்று தெரிந்ததும் அந்தப் பெண் போடுகிற கூச்சல் இருக்கிறதே! கூப்பிட்டு வருகிறார்கள், இப்போது யார் வீட்டு நாய் உசத்தி என்று அடுத்த சண்டை. வரப்புத் தகராறு பார்க்காத ஊர் நம் மாவட்டத்தில் ஏதாவது உண்டா? ஹாஸ்டல் பையன்கள் மூன்று பேர் உட்கார்ந்து இதைப் படித்தால் இரண்டாம் வாசிப்பிலேயே தாளைப் பார்க்காமல் கத்திக்கொள்ள ஆரம்பிப்பார்கள். உச்சரிப்பும் வேகமும் அந்தக் கத்தலில் தானாக வருகிறது. அங்கே நிறுத்தித் திருத்தாதீர்கள்.

தனியாக உட்கார்ந்து நாடகம் படிக்கவே கூடாதா? படிக்கலாம். ஆனால் தனியாகப் படிக்கும்போது பேச்சின் பெயர்களைத் தாவிக்கொண்டு கதை தேட ஆரம்பித்துவிடுவோம், அப்போது நாடகம் சுமாரான சிறுகதையாகிவிடுகிறது. ரெகார்டரில் எல்லாப் பாத்திரத்தையும் தானே பேசிப் பதிவு செய்து கேட்ட ஒரு மாணவி இருக்கிறாள், அது நல்ல வழிதான், எல்லோருக்கும் அந்தப் பொறுமை வராது.

தனியாள், ஆனால் பேச்சு மாதிரியும் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. ஒரே ஆள் பேசுகிற போயம், ட்ரமேட்டிக் மோனோலாக். 1842-ல் வந்த ராபர்ட் பிரவுனிங்கின் மை லாஸ்ட் டச்சஸ், 56 வரி. ஒரு பிரபு, தன் அடுத்த கல்யாணத்துக்குப் பேச வந்த தூதனிடம் செத்துப்போன மனைவியின் படத்தைக் காட்டிப் பேசுகிறான். அவளை என்ன செய்தான் என்று நேராக எங்கும் சொல்லவில்லை, உத்தரவு போட்டேன், சிரிப்பெல்லாம் ஒரேயடியாக நின்றது என்கிற தொனியில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறான். எதிரில் இருக்கிற ஆள் ஒரு வார்த்தை பேசுவதில்லை, ஆனால் அவன் எப்போது திடுக்கிட்டான், எப்போது எழுந்தான் என்பது பிரபுவின் பேச்சிலேயே தெரியும். ஒரே ஆளை வைத்து எழுதிய முழு நாடகம். ப்ளஸ் டூ புத்தகத்தில் இருக்கிற டென்னிசனின் யுலிஸஸும் இதே வகைதான், 70 வரி, கொஞ்சம் கனம்.

ஷேக்ஸ்பியர் விஷயத்தில் ஒரு குறை எனக்கு எப்போதும் உண்டு. உலகமே நாடக மேடை என்று தொடங்குகிற வரிகளை நாம் போயம் என்று படித்து மனப்பாடம் செய்கிறோம். அது ஆஸ் யூ லைக் இட் நாடகத்தில் ஜேக்விஸ் என்ற பாத்திரம் பேசுகிற பேச்சு. எதையும் கொஞ்சம் கசப்பாகப் பார்க்கிற ஆள் அவன். மனித வாழ்வின் ஏழு பருவத்தையும் அவன் ஏன் அவ்வளவு கேலியாகச் சொல்கிறான் என்பது அவன் யார் என்று தெரிந்தால்தான் புரியும். ப்ளஸ் ஒன்னில் வருகிற தி ஹாலோ க்ரௌனும் அப்படியே, இரண்டாம் ரிச்சர்ட் நாடகத்தில் ஆட்சி கைவிட்டுப் போகிற நேரத்தில் ராஜா பேசுவது. இந்த இரண்டையும் படிப்பவர்கள் நாடகத்தின் கதையை அரைப் பக்கமாவது படித்துவிட்டு வாருங்கள்.

மார்க் கணக்கு மட்டும் பார்க்கிறவர்களுக்கு வேறு பதில். ப்ளஸ் டூ இங்கிலீஷ் எழுத்துத் தேர்வு 90 மார்க். போயத்துக்கு வரி கொடுத்துக் கேட்கிற சின்னக் கேள்வி, ஈஆர்சி (வரியை இடம் சுட்டி விளக்குவது), பத்தி என்று பல இடத்தில் வாசல் இருக்கிறது, நாடகம் நான்-டீடெயில் பத்தியில் மட்டும்தான் பெரிதாக உதவும். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது என்னிடம் கேட்டால் நானும் போயம் என்றுதான் சொல்வேன். இந்தக் கட்டுரை பரீட்சை இல்லாத மாதங்களுக்கு.

கைடு, யூடியூப், ட்யூஷன் பற்றிச் சுருக்கமாக. கைடு வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், வெளியூர்ப் பள்ளிகளில் இங்கிலீஷுக்கு ஆள் இல்லாத காலத்தில் பலரைக் கரை சேர்த்தது அதுதான். அதன் கோளாறு, போயத்தைப் படிக்குமுன்பே கருத்து இன்னது என்று சொல்லிவிடுகிறது, அப்புறம் நாம் போயத்தில் அந்தக் கருத்தை மட்டும்தான் தேடுகிறோம். அப்ரிஸியேஷன் பத்தி என்று அதில் இருப்பதைப் பெயரை மாற்றி எந்தப் போயத்துக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். யூடியூபில் தமிழில் வரிக்கு வரி விளக்குகிற வீடியோக்கள் போயத்துக்கு இரண்டாம் வாசிப்பில் நல்லது. முதலிலேயே பார்த்தால் தமிழில் ஒரு கதை தெரியும், இங்கிலீஷ் அப்படியே இருக்கும். நாடகத்துக்கு விளக்க வீடியோவை விட நடித்த வீடியோ மேல், அதுவும் நீங்கள் ஒருமுறை வாய்விட்டுப் படித்த பிறகு. ட்யூஷன் என்றால் தர்மபுரி, கிருஷ்ணகிரி டவுனில் கணக்குக்கும் பிசிக்ஸுக்கும் தேடினால் கிடைக்கிற அளவு இதற்குக் கிடைப்பதில்லை, அந்தப் பணத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வரிசையில் போவது? தனியாகப் போயம் எடுக்கிறவர்கள் டாஃபடில்ஸில் ஆரம்பிக்க வேண்டாம், எல்லோரும் அதைத்தான் கொடுக்கிறார்கள், எனக்கு அதில் பெரிய உடன்பாடு இல்லை. நைஜீரியக் கவிஞர் கேப்ரியல் ஒகாராவின் ஒன்ஸ் அப்பான் எ டைம் எடுங்கள், ப்ளஸ் ஒன் புத்தகத்திலேயே வந்தது. அப்பா மகனிடம் பேசுகிறார், முன்பெல்லாம் மனசாரச் சிரித்தார்கள், இப்போது பல்லால் சிரிக்கிறார்கள் என்று. தலைகீழ் வாக்கியம் இல்லை, பழைய இங்கிலீஷ் இல்லை. அடுத்தது டி.எஸ். எலியட்டின் மக்காவிட்டி, எந்தக் குற்றம் செய்தாலும் ஆள் வருவதற்குள் காணாமல் போகிற பூனை, இதைச் சத்தமாகப் படித்தால் அசை அழுத்தம் என்றால் என்ன என்று நாக்குக்கே தெரியும். பிறகு ஃப்ராஸ்ட், அப்புறம் ஓஸிமாண்டியஸ், அப்புறம் பிரவுனிங்கின் இன்சிடென்ட் ஆஃப் தி ஃப்ரெஞ்ச் கேம்ப், 40 வரியில் ஒரு போர்க்களக் கதை. நெப்போலியனிடம் வெற்றிச் செய்தி கொண்டுவந்த சிறுவன், அடிபட்டிருக்கிறாயே என்று அவர் கேட்டதும், அடி இல்லை, செத்துவிட்டேன் என்று பெருமையோடு சொல்லிச் சிரித்தபடி விழுகிறான். தகடூர் நாட்டில், ஊருக்கு ஊர் நடுகல் நிற்கிற மண்ணில் இருந்துகொண்டு அந்தப் பையனைப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. இது கைக்கு வந்துவிட்டால் மை லாஸ்ட் டச்சஸ்.

கூட்டமாக நாடகம் எடுக்கிறவர்கள் முதலில் தி ஃபர்ஸ்ட் பேஷண்ட், பல் டாக்டர் வெயிட்டிங் ரூமில் நடக்கிற சின்ன நகைச்சுவை, வசனம் எல்லாம் ஒரு வரி. அப்புறம் நெவர்-நெவர் நெஸ்ட், ப்ரபோசல், டியர் டிபார்ட்டட். கடைசியாக ப்ளஸ் டூவில் வருகிற ரிமெம்பர் சீசர், அதில் பழைய அரண்மனைக் கால இங்கிலீஷ் கொஞ்சம் தொந்தரவு செய்யும். சட்டைப் பையில் கிடந்த ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்துத் தன்னைக் கொல்லப்போகிறார்கள் என்று வீட்டையே ரெண்டுபடுத்துகிற ஒரு ஜட்ஜ். அது ரோஜாச் செடி விஷயமாக ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று அவரே எழுதி வைத்தது. ஓசூர் ரோஜாத் தோட்டத்துப் பிள்ளைகள் இந்த முடிவுக்குச் சிரிக்கிற சிரிப்பு தனி.

பி.ஏ. இங்கிலீஷ் சேரப்போகிறவர்கள் மட்டும் இந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள், உங்களுக்கு இரண்டும் வேண்டும், வாரத்துக்கு ஒரு போயம், மாதத்துக்கு ஒரு நாடகம் என்று போங்கள். மேலே சொன்ன பாடப்புத்தகப் பகுதிகளுக்குக் காசு செலவில்லை, பாடநூல் கழகத் தளத்தில் பிடிஎஃப் கிடைக்கும். நாடகத்தை மட்டும் போனில் பார்த்துப் படிக்காமல் ஆளுக்கு ஒரு பிரதி ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொருவரும் தன் வசனத்தைப் பேனாவால் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டால் அடுத்தது யார் என்று தேடி நிற்கிற நேரம் மிச்சம். மூன்று பேருக்குமேல் இருந்தால் ஒருவருக்கு மேடைக் குறிப்பை மட்டும் படிக்கிற வேலை கொடுங்கள், கூச்சப்படுகிற ஆளுக்கு அதுதான் சரியான முதல் வேஷம்.